எள்ளு எங்கிருந்து வந்தது, யாழ்ப்பாணத்தில் அதை என்னென்ன செய்கிறோம்?

ரொறன்ரோவில் வளர்ந்த ஒரு தம்பி நான்கு கேள்வி கேட்டிருக்கிறார். எள்ளு ஆப்பிரிக்காப் பயிர் என்று ஓரிடத்திலும் இந்தியப் பயிர் என்று இன்னோரிடத்திலும் வாசித்தாராம், எது சரி? ஆடி அமாவாசைக்குச் செத்தவர்களை நினைத்து எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம், அதே எள்ளின் எண்ணெயைப் பெரியபிள்ளையான பெண்ணுக்குக் குடிக்கக் கொடுக்கிறோம், இரண்டும் எப்படிப் பொருந்தும்? கடையில் வாங்குகிற நல்லெண்ணெய் கலப்படமில்லாததா என்று எப்படிப் பார்ப்பது? சாவகச்சேரிப் பக்கம் அம்மம்மாவின் வயல் சும்மா கிடக்கிறது, அதில் எள்ளு போடலாமா?

எல்லாவற்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். எள்ளின் இரண்டு குணங்களைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஒன்று, மழைக்காலம் விட்டுப்போன மிச்ச ஈரத்திலேயே அது விளைந்துவிடும். மற்றது, அதன் எண்ணெய் இலேசில் காறாது. வயலில் எள்ளுக்கு இடம் கிடைத்தது முதலாவது குணத்தால். அடுக்களையிலும் கோயிலிலும் பரியாரியார் வீட்டிலும் இடம் கிடைத்தது இரண்டாவதால்.

பூர்வீகத்தை முதலில் பார்ப்போம். இந்தியத் துணைக்கண்டத்தில்தான் எள்ளு பயிராக மாறியது என்பது இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்ட முடிவு. ஆப்பிரிக்கா என்று சொன்னவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. எள்ளின் உறவுச் செடிகள், அதாவது செசமம் என்ற பேரினத்தின் காட்டு இனங்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்காவில்தான் இருக்கின்றன. உறவினர் கூட்டம் எங்கே அதிகமோ அதுதான் சொந்த ஊர் என்று பழைய தாவரவியலாளர்கள் கணக்குப் போட்டார்கள். ஆனால் அந்த ஆப்பிரிக்க இனங்களில் பலவற்றின் குரோமோசோம் எண்ணிக்கையே வேறு, நாங்கள் விதைக்கிற எள்ளோடு அவை சேர்ந்து விதை பிடிப்பதும் கடினம். இந்தியாவின் மேற்குக் கரையோரத்தில், மலபார்ப் பக்கம், தானாக முளைக்கிற ஒரு காட்டெள்ளு இருக்கிறது. செசமம் மலபாரிக்கம் என்று அதற்குப் பெயர். அதற்கும் வயல் எள்ளுக்கும் குரோமோசோம் 26தான். இரண்டையும் கலந்தால் வருகிற செடி நன்றாகக் காய்த்து, முளைக்கக்கூடிய விதை தருகிறது. 1980களில் டொரத்தியா பெடிஜியன், ஜாக் ஹார்லன் ஆகியோர் இந்தச் சான்றுகளையும் பழைய எழுத்துகளையும் அகழ்வுப் பொருட்களையும் சேர்த்துவைத்துக் காட்டிய பிறகு ஆப்பிரிக்கா என்ற கருத்து பின்னுக்குப் போய்விட்டது.

அகழ்வு என்று பார்த்தால் ஹரப்பாவில் கருகிய எள்ளு கிடைத்திருக்கிறது. கி.மு. 2500ஐ ஒட்டிய காலம். அங்கிருந்து மேற்கே மெசப்பொத்தேமியாவுக்கு எள்ளு சீக்கிரமே போய்ச் சேர்ந்தது. பாபிலோன்காரர்கள் எள்ளெண்ணெயைத் தவிர வேறு எண்ணெய் பாவிப்பதில்லை என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்தார். கி.பி. முதலாம் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமி ஒருவரின் கடல்வழிக் குறிப்பில், மேற்கிந்தியத் துறைமுகங்களிலிருந்து ஆப்பிரிக்கக் கரைக்குப் போன சரக்குகளில் எள்ளெண்ணெயும் இருக்கிறது. அந்தக் காலத்தில் கப்பலில் நாட்கணக்காகக் கிடந்தும் கெடாத எண்ணெய் என்றால் அதன் பெறுமதி எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. தமிழ்நாட்டில் பேயெள்ளு என்று ஒன்று பயிரிடுகிறார்கள். மஞ்சள் பூப் பூக்கும், விதை கறுப்பாகவும் ஒல்லியாகவும் இருக்கும். அது சூரியகாந்திக் குடும்பத்துச் செடி, எத்தியோப்பியாவிலிருந்து வந்தது. எள்ளுக்கும் அதற்கும் பெயரில் மட்டும்தான் சொந்தம்.

சரி, யாழ்ப்பாணத்துக்கு வருவோம். எங்கள் வயலுக்குப் பாய ஆறு இல்லை. வடகீழ்ப் பருவமழையை நம்பிப் புரட்டாதி, ஐப்பசியில் நெல் விதைத்து, தை, மாசியில் வெட்டுகிறோம். வெட்டி முடிந்த வயலில் மேல்மண் காயத் தொடங்கினாலும் கீழே ஈரம் கிடக்கும். இன்னொரு நெல்லுக்கு அது போதாது. எள்ளு, பயறு, சணல் மாதிரிப் பயிர்களுக்குப் போதும். எள்ளின் ஆணிவேர் அந்த ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். விதைத்து 80, 90 நாளில் அறுவடை. பசளைச் செலவும் குறைவு, இறைப்புச் செலவு இல்லை என்றே சொல்லலாம். வன்னியில் இதைப் பெரிய அளவில் சிறுபோகத்தில் செய்கிறார்கள். யாழ்ப்பாணச் சந்தைக்கு வருகிற எள்ளில் ஒரு பங்கு அங்கிருந்து வருவதுதான்.

அதற்காக எள்ளு சோம்பேறிப் பயிர் என்று நினைக்கக்கூடாது. 'எள்ளுக்கு ஏழு உழவு, கொள்ளுக்கு ஓர் உழவு' என்று பழமொழியே இருக்கிறது. ஆயிரம் எள்ளு எடுத்து நிறுத்தால் 3 கிராம் அளவில்தான் வரும். அவ்வளவு சின்ன விதை பெரிய மண்கட்டிக்கு அடியில் அகப்பட்டால் முட்டிக்கொண்டு வெளியே வர அதற்குப் பலம் இல்லை. ஆகவே மண்ணைப் புழுதியாக்க வேண்டும். ஆழமாகவும் விதைக்கக்கூடாது. வெறும் கையால் அள்ளி எறிந்தால் ஓரிடத்தில் கொத்தாக விழும் என்பதால் மணலோடு கலந்து வீசுவார்கள். முளைத்த பிறகு முதல் மூன்று கிழமை மிகவும் மெதுவாகவே வளரும். அந்த நேரத்தில் புல்லுப் பிடுங்காவிட்டால் புல்லுத்தான் மிஞ்சும்.

ஈரம் குறைந்தாலும் தாங்குகிற இந்தச் செடிக்குத் தண்ணீர் கூடினால் தாங்காது. சித்திரையில் ஒரு கடும் மழை பெய்து வயலில் ஒரு நாள் முழுக்க வெள்ளம் நின்றால் வேர் அழுகத் தொடங்கிவிடும். நோய் என்றால் எள்ளுக்காரர் அதிகம் பயப்படுவது பூ இலையாகிற நோய்க்கு. தத்துப்பூச்சி பரப்புவது. பூவும் காயும் வரவேண்டிய இடத்தில் பச்சையாகச் சின்னச் சின்ன இலைக்கொத்து வந்து நிற்கும். அப்படிப்பட்ட செடியில் காய்க்கு இடமே இல்லை. கண்டவுடன் பிடுங்கி எரிக்க வேண்டும், பார்க்கலாம் என்று விட்டால் பக்கத்துச் செடிக்கும் போகும்.

எள்ளு வயல் பூத்து நிற்கும்போது ஒரு தடவை பாருங்கள். வெள்ளையும் இளம் ஊதாவுமாக மணி மாதிரிப் பூக்கள், இலைக்கவட்டில் ஒவ்வொன்றாகக் கீழே தொடங்கி மேலே ஏறிக்கொண்டே போகும். பெண்ணின் மூக்கை எள்ளுப்பூவுக்கு ஒப்பிட்டுப் பாடினவர்கள் வயலைக் கிட்ட நின்று பார்த்தவர்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் கீழிருந்து மேலாகப் பூக்கிறது என்பதுதான் கமக்காரருக்குத் தலையிடியும். அடியில் உள்ள காய் முற்றி வெடிக்கத் தயாராக இருக்கும்போது நுனியில் இன்னும் பூவாக இருக்கும். எல்லாம் முற்றட்டும் என்று காத்திருந்தால் அடிக்காய் வாய் திறந்து பாதி எள்ளு மண்ணுக்குப் போய்விடும்.

அதனால் அறுவடையை இப்படிச் செய்வார்கள். கீழ் இலைகள் பழுத்து உதிர்ந்து, அடிக்காய்கள் மஞ்சளாகத் தொடங்கியதும், பனி உலரமுன் விடியப்புறமே செடியை வெட்டியோ பிடுங்கியோ எடுத்துச் சின்னக் கட்டுகளாகக் கட்டுவார்கள். கட்டுகளை ஒன்றிலொன்று சாய்த்து, காய் மேலே பார்க்க நிமிர்த்தி வெயிலில் விடுவார்கள். எள்ளுக்காய் நுனியில்தான் திறக்கும், ஆகவே நிமிர்ந்து நிற்கும் வரை எள்ளு உள்ளேயே இருக்கும். ஐந்தாறு நாள் காய்ந்த பிறகு படங்கை விரித்து, ஒரு கட்டை மெதுவாகத் தூக்கிக் கொண்டுவந்து தலைகீழாகப் பிடித்து ஒரு தடியால் தட்டினால் சரசரவென்று எள்ளு கொட்டும். கட்டைத் தூக்கும்போது சாய்த்தால் அந்த இடத்திலேயே நட்டம் தொடங்கிவிடும், சின்னப் பிள்ளைகளை இந்த வேலைக்குக் கிட்ட விடமாட்டார்கள். தட்டின கட்டைத் திரும்ப நிமிர்த்தி வைத்து, இரண்டு மூன்று நாள் கழித்து இன்னொரு தடவை தட்டுவார்கள். முதல் தட்டில் விழுகிறது முற்றின எள்ளு, விதைக்கு எடுத்து வைப்பது அதைத்தான்.

காய் வெடிக்காத எள்ளுச் செடியொன்றை 1943இல் வெனிசுவேலாவில் டெரால்ட் லாங்ஹாம் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தார். அதன் பிறகு இயந்திரத்தால் வெட்டக்கூடிய வகைகளும் உருவாகின. ஆனாலும் சூடான், தான்சானியா, இந்தியா, மியன்மார் என்று உலகத்துக்கு எள்ளு கொடுக்கிற நாடுகளில் இன்றும் பெரும்பகுதி இதேபோலக் கையால்தான் அறுவடையாகிறது. எள்ளு ஏன் மற்றத் தானியங்களை விட விலை கூட என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இனிச் செக்கு. மாடு சுற்றுகிற மரச்செக்கு இப்போது அருமை, மோட்டரில் சுற்றுகிற செக்குத்தான் பெரும்பாலும். முறை ஒன்றுதான். நன்றாக வெயிலில் காய்ந்த எள்ளை உரலுக்குள் கொட்டிச் சுற்ற விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் எள்ளு நொறுங்கி ஈரமான மாப்போல் ஆகும். அந்தக் கட்டத்தில் செக்குக்காரர் வெந்நீரைக் கையால் தெளிப்பார். எவ்வளவு, எப்போது என்பது அவருடைய கைக்குத்தான் தெரியும். குறைந்தால் எண்ணெய் பிரியாது, கூடினால் எண்ணெயோடு தண்ணீரும் கலந்து பிறகு பழுதாகும். சரியான அளவு விழுந்ததும் அரைபட்டது திரண்டு உரலின் பக்கங்களில் ஒட்டிக்கொள்ள, நடுவில் எண்ணெய் ஊறி நிற்கும். வடித்த எண்ணெயை இரண்டு மூன்று நாள் அசையாமல் வைத்துக் கசடு அடியில் படிந்ததும் மேலாகத் தெளிவை ஊற்றி எடுக்க வேண்டும்.

மிஞ்சுகிறது பிண்ணாக்கு. பால் மாட்டுக்கு எள்ளுப் பிண்ணாக்கு வைத்தால் பால் கட்டியாக வரும் என்று மாடு வளர்க்கிறவர்கள் தேடி வாங்குவார்கள். செக்கிலிருந்து அப்போதுதான் எடுத்த சூட்டோடு ஒரு துண்டைப் பனங்கட்டியோடு கடித்துப் பார்த்தவர்களுக்கு அது மாட்டுக்கு மட்டும் போகவேண்டிய சாப்பாடு இல்லை என்று தெரியும். செடித் தட்டையும் வீணில்லை, காய்ந்தால் அடுப்புக்கு.

எண்ணெய் ஏன் கெடாது என்று சொல்ல வேண்டும். எள்ளில் செசமின், செசமோலின் என்று இரண்டு பொருள்கள் இருக்கின்றன. சூடு படும்போது செசமோலினிலிருந்து செசமோல் என்ற இன்னொன்று பிறக்கிறது. இது காற்றோடு சேர்ந்து எண்ணெய் காறுவதைத் தடுக்கிற பொருள். அதனால்தான் ஊறுகாய்க்கும் பரியாரியார் காய்ச்சுகிற தைலங்களுக்கும் நல்லெண்ணெய். மாதக்கணக்கில் வைத்துப் பாவிக்கிற பண்டத்துக்கு வேறு எண்ணெய் சரிவராது. கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவம் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டால் நல்லெண்ணெய் சேராத தைலத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பார்கள்.

கலப்படக் கேள்விக்குக் கணக்குத்தான் முதல் பதில். எள்ளின் நிறையில் பாதியளவு எண்ணெய், ஆனால் செக்கில் முழுவதும் வராது. 10 கிலோ எள்ளுக்கு 4 லீற்றர், சற்று முன்பின் கிடைத்தால் நல்லது. அப்படியென்றால் ஒரு போத்தல் நல்லெண்ணெய்க்கு, அதாவது 750 மில்லிலீற்றருக்கு, 2 கிலோவுக்குக் கிட்ட எள்ளு தேவை. சந்தையில் அன்று எள்ளு என்ன விலை என்று கேளுங்கள். 2 கிலோ எள்ளின் விலையை விடக் குறைவாக ஒருவர் ஒரு போத்தல் நல்லெண்ணெய் விற்கிறார் என்றால், பிண்ணாக்கு விற்ற காசைக் கழித்தாலும் அந்தக் கணக்கு ஓடாது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கிற சோதனை தேங்காயெண்ணெயோ பாமெண்ணெயோ கலந்திருந்தால் காட்டும், அவை உறையும் அல்லது கலங்கும். சோயா, சூரியகாந்தி எண்ணெய் கலந்திருந்தால் காட்டாது. ஆய்வுகூடத்தில் நல்லெண்ணெய்க்கென்று ஒரு பழைய சோதனை இருக்கிறது. பர்பியூரலும் உப்பமிலமும் சேர்த்தால் சிவக்கும். இந்தியாவில் வனஸ்பதி என்ற, நெய்போல இறுகவைத்த தாவர எண்ணெயைச் செய்கிறவர்கள் அதற்குள் 5 வீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வைத்ததே இதற்காகத்தான், பிறகு யாரும் நெய்யில் வனஸ்பதியைக் கலந்தால் அந்தச் சிவப்புக் காட்டிக்கொடுக்கும். ஆனால் நல்லெண்ணெய்க்குள் வேறு எண்ணெய் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அந்தச் சிவப்புச் சொல்லாது. ஆகவே என் ஆலோசனை இதுதான்: எள்ளை நீங்களே வாங்கி, துப்புரவாக்கி, காயவைத்துச் செக்குக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் நின்று ஆட்டி எடுங்கள். ஊரில் இருக்கிறவர்களுக்கு இது இன்னும் முடிகிற காரியம்.

ரொறன்ரோவில் அது முடியாது, தெரியும். அங்கே சீனக் கடைகளில் கடும் மண்ணிறத்தில் ஓர் எள்ளெண்ணெய் விற்பார்கள். அது எள்ளை நன்றாக வறுத்துப் பிழிந்தது, மணத்துக்காகச் சமையல் முடிவில் சில துளி விடுவதற்கு. அதில் கத்தரிக்காய் பொரிக்கவும் வேண்டாம், தலைக்கு வைத்து முழுகவும் வேண்டாம். எங்கள் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் எடுப்பது.

அடுக்களையில் எள்ளின் உச்சம் எது என்று கேட்டால் எள்ளுப்பாகு என்பேன். எள்ளை அரித்துக் கல், மண் போக்குவதற்கே பாதி நேரம் போகும். தண்ணீரில் போட்டுச் சுழற்றி, மேலே மிதந்து வருகிறதைக் கொஞ்சம் கொஞ்சமாக வேறு சட்டிக்கு மாற்ற வேண்டும், கல்லு அடியில் தங்கும். பிறகு ஊறின எள்ளைச் சாக்கில் போட்டுத் தேய்த்தால் கறுப்புக் கோது கழரும். காயவைத்துச் சுளகில் புடைத்து, தாச்சியில் வறுத்து, வறுத்த உழுத்தம்மாவோடு பனங்கட்டியோ சர்க்கரையோ சேர்த்து உரலில் இடிக்க வேண்டும். இடிக்க இடிக்க எள்ளு தன் எண்ணெயைத் தானே கக்கும். உலக்கையின் பூணில் எண்ணெய் மினுங்கத் தொடங்கினால்தான் பதம். அப்போது பிடித்த உருண்டை பிடித்தபடி நிற்கும். அரைக்கிற இயந்திரத்தில் அடித்தும் செய்கிறார்கள், ருசி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் இடித்ததற்குக் கிட்ட வராது. சிங்கள ஊர்களிலும் இதற்கு உறவான எள்ளுருண்டை உண்டு, கண்டி வீதியில் வறக்காப்பொலை அதற்குப் பெயர்போன இடம்.

மற்றப்படி நல்லெண்ணெய் விடாத பத்தியக்கறி இல்லை, உழுத்தங்களி இல்லை. கத்தரிக்காய்க்கு நல்லெண்ணெய் மாதிரிப் பொருத்தம் வேறு எதுவும் இல்லை. இடித்த எள்ளும் செத்தல் மிளகாயும் உப்பும் சேர்ந்த பொடி தோசைக்கு.

பெரியபிள்ளையான பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் நல்லெண்ணெயும் முட்டையும் களியும் கொடுப்பது எங்களிடம் பரம்பரையாக இருக்கிற வழக்கம். கருப்பை பலப்படும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். அதை நம்பிக்கை என்று வையுங்கள். வளருகிற பிள்ளைக்கு அந்த நாட்களில் புரதமும் கொழுப்பும் கூடின சாப்பாடு வீட்டார் எல்லாரும் கவனித்துக் கொடுப்பது நல்ல காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முட்டையைப் பச்சையாகக் கொடுக்க வேண்டாம், கிருமி இருக்கக்கூடும், அவித்தோ பொரித்தோ கொடுங்கள். இன்னொன்று, எள்ளில் சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் நிறைய என்று வாசித்துவிட்டு நல்லெண்ணெயில் அதைத் தேடக்கூடாது. கோது நீக்காத 100 கிராம் எள்ளில் 970 மில்லிகிராம் அளவில் கல்சியம், 14 மில்லிகிராம் அளவில் இரும்பு. அந்தக் கல்சியத்தில் பெரும்பங்கு கோதில்தான், அதுவும் ஒக்சலேற்றோடு சேர்ந்திருப்பதால் உடம்பு முழுவதையும் எடுக்காது. எண்ணெயில் இரண்டும் இல்லை. கறுப்பெள்ளா வெள்ளையெள்ளா என்ற விவாதமும் பெரும்பாலும் கோது இருக்கிறதா இல்லையா என்ற விவாதம்தான்.

சிலருக்கு எள்ளு ஒவ்வாமை கடுமையாக வரும், மூச்சே அடைக்கும். கனடாவில் உணவுப் பொதியில் எள்ளைக் குறிப்பிட்டே ஆகவேண்டும், அமெரிக்காவிலும் 2023 ஜனவரி 1 முதல் அப்படி. அங்கே பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு எள்ளுருண்டை கொடுத்துவிடமுன் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

சாவும் மங்கலமும் பற்றிய கேள்வி இந்த நான்கிலும் என் மனதுக்கு நெருக்கமானது. தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசையில் கீரிமலையிலோ பக்கத்துத் தீர்த்தத்திலோ எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார்கள். தாய் இல்லாதவர்களுக்குச் சித்திரைப் பூரணை. புரட்டாதிச் சனிக்கிழமைகளில் கறுப்பெள்ளைத் துணியில் பொட்டணியாகக் கட்டி நல்லெண்ணெய் விட்டுச் சனீஸ்வரனுக்கு எரிக்கிறார்கள். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள் எள்ளு என்றாலே துக்கத்துக்குரியது என்று நினைப்பது இயல்பு. அந்த நினைப்பு மிகப் பழையது. புறநானூற்றில் பெருங்கோப்பெண்டு என்ற பாண்டிய அரசி செத்துப்போன கணவனோடு தீயில் புகப்போகும்போது, தடுக்கிற சான்றோரிடம் கைம்பெண்ணின் நோன்புச் சாப்பாட்டை வரிசையாகச் சொல்கிறாள். நெய் இல்லாத சோறு, வெள்ளெள்ளுத் துவையல், புளி விட்டு அவித்த வேளைக்கீரை. அங்கேயே எள்ளு துக்கத்தின் பக்கம் நிற்கிறது.

ஆனால் அதே எள்ளின் எண்ணெய்தான் சுவாமி விளக்கில் எரிகிறது. தீபாவளி விடியற்காலையில் தலையில் வைக்கிறார்கள். செத்தவருக்குக் கடைசியாகக் குளிப்பாட்டும்போது எண்ணெயும் அரப்பும் வைக்கிறார்கள். ஆகவே எள்ளு துக்கத்துக்கு என்று ஒதுக்கிவைத்த பொருள் இல்லை, மனிதர் வாழ்க்கையில் முக்கியமான நாள் என்று எது வந்தாலும் கை நீட்டி எடுத்த பொருள். வீட்டில் வருடம் முழுக்கக் கெடாமல் இருந்தது அதுதான். எந்த நேரத்தில் சாவு வந்தாலும், எந்த நேரத்தில் பிள்ளை பெரியபிள்ளையானாலும், பானையில் எள்ளும் போத்தலில் நல்லெண்ணெயும் இருந்தன. வீட்டில் பெரியவர்கள் எள்ளுப்பாகு இடிக்கும்போது யாரும் சாவை நினைப்பதில்லை. நீங்களும் நினைக்கத் தேவையில்லை.

கடைசியாக அம்மம்மாவின் வயல். போடலாம், ஆனால் முதலில் இரண்டு விடயம் பாருங்கள். தென்மராட்சியில் கடல்நீரேரிக்குக் கிட்டவுள்ள வயல்களில் உவர் ஏறியிருக்கும், எள்ளு உவரைத் தாங்காது. நெல் நன்றாக விளைகிற, தண்ணீர் வடிகிற வயல் என்றால் பயமில்லை. அடுத்தது மாடு. நெல் வெட்டின பிறகு வெளி முழுக்கக் கட்டாக்காலி மாடுகள் மேயும். உங்கள் வயலில் மட்டும் பச்சை நின்றால் ஒரே இரவில் முடிந்துவிடும். பக்கத்து வயல்காரரையும் சேர்த்து விதைக்கச் சொல்லுங்கள், அல்லது வேலிக்குச் செலவழிக்க ஆயத்தமாக இருங்கள்.

விதைக்கு அங்குள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டால் திணைக்களம் வெளியிட்ட எம்.ஐ. 3, உமா, மாலி போன்ற இனங்களில் எது கிடைக்கும் என்று சொல்வார். ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ போதும். நெல் வெட்டின ஈரம் போகமுன் உழுது புழுதியாக்கி, மணலோடு கலந்து வீசி, மேலாக மண்ணை மூடிவிடுங்கள். இரண்டு கிழமையில் நெருக்கமாக நிற்கிற நாற்றுகளைப் பிடுங்கிக் கலைக்க வேண்டும். இதைச் செய்ய மனம் வராது, ஆனால் செய்யாவிட்டால் எல்லாமே ஒல்லியாகப் போகும். நன்றாக வந்தால் ஏக்கருக்கு 250, 300 கிலோ வரை எதிர்பார்க்கலாம். அறுவடையைக் கூலிக்கு விடுவதானால் எள்ளுத் தட்டிப் பழகினவர்களைப் பிடியுங்கள். முதல் தட்டில் விழுந்ததில் 5 கிலோவை நன்றாகக் காயவைத்து, ஈரம் புகாத போத்தலில் அடைத்து அடுத்த மாசிக்கு எடுத்து வையுங்கள், அடுத்த முறை விதைக்கு அலைய வேண்டியிராது.